எலுமிச்சம்பழம் கவிழ்த்த போர்க்கப்பல்

போன வருடம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாமலும், அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஆற்றுப் படித்துறைக்கு, பழைய சேலையில் சுற்றிய ஒரு போர்க்கப்பலைத் தூக்கிக்கொண்டு போனேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நான் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். ஊரடங்கு நாட்களில் கைபேசியில் எதையோ தேடப் போய், இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளை விரட்டிய காவல் கப்பல்களின் கதையில் மாட்டிக்கொண்டேன். ஃபிரிகேட் என்பார்கள். சரக்கு ஏற்றி வரும் கப்பல்களுக்குத் துணையாகக் கூடவே போய், பத்திரமாகக் கரை சேர்ப்பதுதான் அவற்றின் வேலை. அதற்கு முன் இருந்த சின்னக் காவல் கப்பல்கள் அலையில் போட்ட ஆட்டத்தில் மாலுமிகளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லையாம். அதனால் நீளத்தைக் கூட்டி, ஒரு இயந்திரம் இருந்த இடத்தில் இரண்டு வைத்து வரைந்தார்கள். ஒலி அனுப்பி நீர்மூழ்கியைத் தேடும் கருவி, கிட்டத்தில் போனதும் அதைத் தவறவிட்டுவிடும். அதற்காகக் குண்டுகளை முன்பக்கமாக எறிய ஒரு ஏற்பாடு செய்தார்கள். பட்ட கஷ்டத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்திய கப்பல் என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

பிரியம் வந்தபின் கை சும்மா இருக்குமா? மெல்லிய ஒட்டுப்பலகையில், ஒரு ஆள் இரண்டு கையாலும் தூக்குகிற நீளத்தில் ஒன்று செய்தேன். பின்தளத்தில் அடுக்கும் வெடிகுண்டு டிரம்களுக்கு, ஊசி மருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடிகள். என் வீட்டுக்காரர் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். மோட்டாரும் ரிமோட்டும் அவர் உபயம், கேலியும் அவர் உபயம். அந்த வகைக் கப்பல்கள் பலவற்றுக்கு நதிகளின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். நானும் என் கப்பலின் பக்கவாட்டில் 'தாமிரபரணி' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதினேன்.

ஆனால் வெளியே மூச்சு விடவில்லை. கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு அம்மா, பொம்மைக் கப்பல் விடுகிறாள் என்று ஊர் சிரிக்குமே என்ற பயம். வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். யார் கண்ணிலும் படாமல் அது ஒரு தடவை மிதந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

படித்துறையில் ஆள் இருந்தது. ஒரு கணவனும் மனைவியும் புது லோடு ஆட்டோவைக் கழுவி, மாலை போட்டு, பூஜை செய்துகொண்டிருந்தார்கள். திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் அந்தப் பெண் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து கப்பலைச் சுற்றியிருந்த சேலையை விலக்கினாள். பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"யக்கா, நம்ம ஆத்துப் பேரு! நீங்களா செஞ்சீய?"

ஆமாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. புருஷனைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து துப்பாக்கி, படகு, ஏணி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊர் முழுக்கச் சிரிக்கும் என்று நினைத்தவளுக்கு, வாய் ஓயாமல் விளக்கம் சொல்ல வந்துவிட்டது. கேட்டு முடித்ததும் அவள், "வண்டிக்குச் செஞ்சாச்சு, கப்பலுக்குச் செய்யாம தண்ணியில விடலாமா?" என்று சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கேந்திப்பூ மாலையைப் புகைபோக்கியில் சுற்றினாள். கடைசியாக ஒரு எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டிக் கொடிமரத்தின் உச்சியில் தொங்கவிட்டாள்.

உயரத்தில் எடை ஏறினால் கப்பல் சாயும் என்பது எனக்குத் தெரியும். மொட்டை மாடித் தொட்டியில் விட்டுப் பார்த்து, அடியில் ஈயக் குண்டு வைத்துச் சரிசெய்தவளே நான்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

கப்பல் அழகாகத்தான் கிளம்பியது. நடு நீரோட்டத்தில் திருப்பினேன். எலுமிச்சம்பழம் ஒரு பக்கம் ஆடியது, கப்பலும் கூடவே சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவே இல்லை. வயிறு மேலாக, தடுப்பணையைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. அணையைத் தாண்டினால் கீழே முழுக்கப் பாறை. என் இரண்டு வருஷ உழைப்பு கண்ணெதிரே போகிறது, எனக்கோ நீச்சல் தெரியாது.

ஆட்டோக்காரர் புது வேட்டி சட்டையோடு பாய்ந்துவிட்டார். அவர் மனைவி கரையோடு ஓடிக்கொண்டே, கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களைப் பார்த்துக் கத்தினாள்: "யக்கா, கப்பல் வருது, சேலைய விரிச்சுப் பிடிங்க!" என்ன கப்பல், யார் கப்பல் என்று அவர்கள் கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அலசிய சேலையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் வந்து அதில் விழுந்தது. பின்னாலேயே நீந்தி வந்தவர் அதை நிமிர்த்தித் தலையில் வைத்துக்கொண்டு கரையேறினார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிருந்தது. "நான் கட்டின பழத்தாலதான் கவுந்துச்சா? இன்னைக்குத்தான் வண்டி எடுத்தோம்" என்று ஆட்டோவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவள் பயம் எனக்குப் புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: போர் நடக்க நடக்க, நிஜக் கப்பல்களிலும் புதுப்புதுக் கருவிகளை மேலே மேலே ஏற்றினார்கள், மேல்பாரம் அவர்களுக்கும் தீராத தலைவலிதான், அதற்காகக் கீழே எடை வைத்துச் சமாளித்தார்கள், இதில் சகுனம் ஒன்றும் இல்லை, தப்பு, சாயும் என்று தெரிந்தும் தடுக்காத என்னுடையது. ஈரம் சொட்ட நின்ற அவள் புருஷன், "கேட்டியாட்டி, வெள்ளக்காரனுக்கே இந்தப் பாடு" என்றார். அவள் சிரித்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

மோட்டாரைக் காயவைத்து, அடியில் இன்னும் கொஞ்சம் ஈயம் சேர்த்து, அவர்களிடம் சொல்லிவைத்தபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். இந்த முறை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, நன்றாக விடிந்த பிறகு. லோடு ஆட்டோ முன்னாலேயே வந்து நின்றது. அன்றைக்குத் துணி துவைத்த பெண்கள் இருவரும் கேட்காமலே கீழே தண்ணீரில் இறங்கி, சேலையைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள். அன்று கப்பல் அந்தச் சேலை வரைக்கும் நேராகப் போய், திரும்பி, என் காலடிக்கே வந்து நின்றது. கைதட்டியது யார் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குப் பிடித்த ஒன்றை நாலு பேருக்கு நடுவில் வைத்துப் பிடித்திருக்கிறது என்று சொல்ல, அதற்கப்புறம் நான் கூசியதே இல்லை.