பெரில் போட்ட மதிப்பெண்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஒரு சிறு நகரத்தில், பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் பெரில் ஹாட்ஃபீல்ட். பார்வை போய் ஆறு வருடமாகிறது. அன்று நகராட்சிக்குக் கிளம்பும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கண் தெரியாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் வீடு தேடி வந்து உதவும் வேலையை அடுத்த ஐந்து வருடம் எந்த அமைப்பிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யும் குழுவில் அவளும் ஒருத்தி. நூற்றில் இருபது மதிப்பெண் அவள் கையில்.

"என்ன மகாராணி, எனக்கும் ஏதாவது சிபாரிசு உண்டா?" என்றார் கணவர் க்ளைவ்.

"முதல்ல பஸ்ஸைப் பிடிங்க."

வந்திருந்த அமைப்புகள் இரண்டு. பெரில் இரண்டிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"உங்க ஆள் முதல் தடவையா என் வீட்டுக்கு வர்றாங்க. சமையலறை அலங்கோலமா கிடக்கு. என்ன செய்வாங்க?"

முதல் அமைப்பின் மேலாளர் யோசிக்கவே இல்லை. "எல்லாத்தையும் பளிச்சுன்னு அடுக்கி வெச்சுட்டுத்தான் கிளம்புவாங்க!"

"போன தடவை வந்த பொண்ணும் அப்படித்தான் அடுக்கினா. ஒரு வாரம் சர்க்கரைன்னு நினைச்சு டீயில, கறிக்குழம்புக்குப் போடற கிரேவித் தூளைப் போட்டுக் குடிச்சேன்."

இரண்டாவது அமைப்பிலிருந்து வந்தவள் ஷகுஃப்தா. "நான் தொடவே மாட்டேன். அலங்கோலம் என் கண்ணுக்குத்தானே! உங்க கைக்கு எது எங்கேன்னு தெரியும். நீங்க சொன்னா எடுப்பேன், எடுத்த இடத்துலேயே வெப்பேன்."

பெரிலுக்குக் கைதட்டத் தோன்றியது.

"உங்க மதிப்பெண் மட்டும்தான் பாக்கி, பெரில்," என்றார் நகராட்சி அதிகாரி. "முதல் அமைப்பு ஒன்பது முன்னால இருக்கு."

"அவங்களுக்கு அஞ்சு. ஷகுஃப்தாவுக்கு இருபது!"

அதிகாரி கூட்டிப் பார்த்தார். "அப்போ ஷகுஃப்தாவோட அமைப்புக்குத்தான் இந்த வேலை."

வெளியே காத்திருந்த க்ளைவின் கையைப் பிடித்து உலுக்கினாள் பெரில். "அஞ்சு வருஷம், க்ளைவ்! அஞ்சு வருஷத்துக்கு என் அடுப்படியை யாரும் கலைக்க மாட்டாங்க!"