கடைசித் தேனீ திரும்பும் நேரம்

பீர் முஹம்மது முப்பத்தோரு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது திரும்பியது என்று குறிப்பதுதான் வேலை. ஓய்வு பெற்றபின் அடையாறில் வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு சென்ட் இடத்தில் வெள்ளரி, கத்தரி, வெண்டை போட்டார். காலையில் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். கை சும்மா இருக்கவில்லை. ஒரு நோட்டில் பூச்சிகளுக்கு நேரம் குறிக்க ஆரம்பித்தார்.

கத்தரிப் பூவைப் பிடித்துக்கொண்டு உறுமும் கோடு போட்ட தேனீ ஏழு பத்துக்கு வரும். வெண்டை இலையைச் சுருட்டிக்கொண்டு ஒரு புழு உள்ளேயே இருக்கும். அவருக்கு அதிகம் பிடித்தவை சுற்றுச்சுவர் விரிசலில் குடியிருந்த கொசுத்தேனீக்கள். எறும்பளவுதான், கொட்டாது. வாசலில் மெழுகால் சின்னக் குழாய் கட்டியிருந்தன. சுவரில் வெயில் பட்டதும் முதல் தேனீ கிளம்பும். மாலை ஐந்து நாற்பதுக்குள் கடைசித் தேனீயும் உள்ளே போய்விடும். வெள்ளரிப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோனவை அவைதான்.

போன நவம்பரில் அவர் மனைவி ஜஹனாராவுக்கு டெங்கு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே, கொசு மருந்துப் புகை அடிக்கச் சொல்லி பீர் முஹம்மதுவே மாநகராட்சிக்குப் போன் செய்தார். மறுநாள் மாலை ஐந்து ஐம்பதுக்கு ஒருவர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

“உள்ள எதுனா கீதா, பாய்? கோழி, மீன் தொட்டி?”

ஓர் ஈரத்துணி போதும். அரை மணி நேரம் அந்த விரிசலை மூடிவைத்தால் முடிந்தது. கொடியில் பழைய பனியன் தொங்கியது. ஆனால் ஜன்னலில் ஜஹனாரா நின்றிருந்தார், கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. அவர் பார்க்கத் தேனீ என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

“ஒண்ணும் இல்லப்பா. நல்லா அடி.”

மறுநாள் சுவரில் வெயில் பட்டது. எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். ஒன்றும் வெளியே வரவில்லை. சுவருக்குக் கீழே தேனீக்கள் மிளகுத்தூள் சிந்தியதுபோல் செத்துக் கிடந்தன.

இந்தக் கோடையில் வெள்ளரி நிறையப் பூத்தது. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்தது. சின்னப் பிரஷ்ஷால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவிப் பார்த்தார். பத்தில் இரண்டு நின்றது. கூடையில் காயே இல்லையே என்று ஜஹனாரா கேட்டபோதுதான், ஐந்து மாதம் கழித்து, நடந்ததைச் சொன்னார்.

ஜஹனாரா காலிக் கூடையைக் கீழே வைத்தார்.

“எனக்காகன்னு சொல்லாதீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே துணிய நனைச்சுக் குடுத்திருப்பேன்.”

விரிசலுக்குள் இப்போது எறும்பு போய் வருகிறது. அதற்கு அவர் நேரம் குறிப்பதில்லை. நோட்டில் கடைசியாக எழுதியது அந்த நவம்பர் மாலைதான்: ‘5.40. எல்லாம் உள்ளே.’ எழுதி முடித்துப் பேனாவை மூடிப் பத்து நிமிடத்தில் மெஷின்காரர் கேட்டைத் தட்டியிருக்கிறார்.