திருடித் தின்ற இரண்டு முட்டை

இந்த நாட்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது "சுடா மாக்கான்?" என்பதுதான். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். நம் ஊரிலும்தான் கேட்பார்கள், அதில் என்ன அதிசயம் என்று ஊரில் இருக்கிற தங்கச்சிமார் நினைக்கலாம். ரப்பர் தோட்டத்துக்கு நான் வந்த முதல் மாதம், கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் காய்கறி விற்க வரும் மலாய்க்காரி கதீஜா என்னைப் பார்த்துச் சிரித்தபடி இதைக் கேட்டாள். அர்த்தம் தெரியாமல் பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தேன். "தின்னுட்டயான்னு கேக்கறா" என்றார். உடனே என் இரண்டு கைகளும் தாமாக எழுந்து முகத்தை மூடிக்கொண்டன. கதீஜா பதறிப்போய், கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று நினைத்து, என் கையை விலக்கி ஊதப் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எனக்கு என்ன வந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எருமப்பட்டிக்குப் பக்கத்தில்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் பெயர் செங்கோடன். முதல் பிள்ளை வயிற்றில் தங்கிய மாதமே மாமியார் என் கூழைக் குறைத்துவிட்டார். காலையில் ஒரு கரண்டி கம்பங்கூழ், பொழுது சாய ஒரு கையளவு களி. "வகுறு நெறையத் தின்னா கொழந்த பெருத்துப் போயிரும். ஆத்தாளக் கொன்னுபோட்டுத்தான் வெளிய வரும்" என்பார். அவருடைய மூத்த மகள் அப்படித்தான் செத்தாளாம், தலை பெரிய பிள்ளையைப் பெற முடியாமல். அதனால் அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பட்டினி கிடந்தேன். குடித்த கூழும் வாந்தியாகப் போய்விடும். மறுபடி கேட்டால் கிடைக்காது. களை வெட்டும்போது கண் இருட்டி இரண்டு தடவை வரப்பில் விழுந்தேன். எட்டாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. என் கைக்கு ஒரு முழம்கூட இல்லை, அவ்வளவுதான். அழவே இல்லை. காட்டோரத்தில் புதைத்தார்கள். "நீ பொழச்சயே, அது போதும் கண்ணு" என்று மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அடுத்த வருஷம் மறுபடி உண்டானபோது நான் ஒரு முடிவு செய்தேன். யார் தடுத்தாலும் தின்பது. வரப்பில் முருங்கைக் கீரையை உருவி உப்புப் போட்டு வேகவைத்துத் தின்றேன். கடலைக் கொடியைப் பிடுங்கி மண்ணோடு வாயில் போட்டேன். திருட்டுத்தான். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், அடைக்கு வைத்திருந்த கோழியின் அடியிலிருந்து இரண்டு முட்டைகளை எடுத்து அவித்துத் தின்றுவிட்டேன். ஓட்டைச் சாம்பலில் புதைத்தேன்.

மறுநாள் உச்சி வெயிலில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். குப்பைக்குச் சாம்பல் அள்ளப் போன செங்கோடன் உள்ளே வந்தான். கையை விரித்துக் காட்டினான். முட்டை ஓடு.

"தின்னுட்டயா?"

மெதுவாகத்தான் கேட்டான். அவன் மெதுவாகக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அடி விழும்.

"பசிச்சுதுங்க மாமா. வகுத்துல இருக்கறதுக்கு…"

மாட்டை ஓட்டுகிற தார்க்குச்சி முதுகில் இறங்கியது. நுனியில் ஆணி உண்டு. முதுகு, தோள், கழுத்து என்று விழுந்துகொண்டே இருந்தது. நான் வயிற்றைக் கட்டிக்கொண்டு குனிந்தேன். "கக்குடி! தின்னத கக்குடி!" என்று முடியைப் பிடித்து மல்லாத்திப் போட்டு, வயிற்றை நோக்கிக் காலைத் தூக்கினான். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அந்தக் காலைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினேன். கொதிக்கிற களி ஒட்டிக்கொண்டிருந்த துடுப்பு கைக்கு எட்டியது. எழுந்து அவன் முகத்தில் வீசினேன். களி கன்னத்தில் அப்பிக்கொண்டது. பிய்க்கப் பிய்க்கத் தோலும் சேர்ந்து வந்தது. விழுந்து கத்தினான். மணிக்கட்டில் இன்னொரு அடி கொடுத்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அந்த இரண்டாவது அடி தேவையே இல்லை. ஆனாலும் அடித்தேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்பட முயன்று பார்க்கிறேன், வருத்தம் வருவதில்லை.

சத்தம் கேட்டு மாமியார் ஓடிவந்து என் முடியைப் பிடித்தார். நான் அவர் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தும் பிடி விடவில்லை. பிறகு ரத்தம் ஊறிய என் ரவிக்கையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். பிடி தளர்ந்தது.

"அவன் எந்திரிச்சா உன்னக் கொன்னுபோடுவான். ஓடிருடி. ரோட்டுல போவாத, காட்டு வழியா ஓடு."

நான் ஓடினேன். பக்கத்து ஊரில் இருந்த என் அண்ணன் காளியப்பன், மலாயாவுக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் ஏற்கனவே பெயர் கொடுத்திருந்தார். என் முதுகைப் பார்த்ததும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். காலைப் பிடித்துக்கொண்டேன். "நீ செயிலுக்குப் போனா எனக்கும் இதுக்கும் ஆருண்ணா சோறு போடுவாங்க?" என்றேன். அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு, கங்காணியிடம் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். சேலத்தில் ரயில், நாகப்பட்டினத்தில் கப்பல். கப்பலில் ஏழு நாளும் தன் சோற்றில் பாதியை எனக்குத் தள்ளிவிட்டார். கக்கினால் மறுபடி பிசைந்து கொடுத்தார்.

தூசி ஊதிய மறுநாள் கதீஜா கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டி, "தெலோர், தெலோர்" என்றாள். அவித்த முட்டை. இவளுக்கும் எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது, திருடி என்கிறாள் என்றே நினைத்தேன். "நான் எடுக்கலீங்க! சத்தியமா எடுக்கலீங்க!" என்று பின்னால் நகர்ந்தேன். அவள் எனக்கு முட்டையில் பயமென்று நினைத்தாள் போலிருக்கிறது. உரித்து, பாதியைத் தானே கடித்துக் காட்டி, மீதியை என் வாயில் திணித்தாள். நான் அழுதுகொண்டே தின்றேன். அதன் பிறகு பிரசவம் வரைக்கும் கூடை காலியாவதற்குள் எனக்கென்று ஒன்றை எடுத்து வைப்பாள். நான் அவளுக்கு விறகு பிளந்து கொடுப்பேன். என் மகள் கனமாகப் பிறந்தாள். லயமே எழுந்து உட்காரும்படி கத்தினாள். நானும் சாகவில்லை.

ரப்பர் விலை விழுந்த வருஷம் தோட்டத்தில் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் போனார். நான் போகவில்லை. மகளுக்குச் சிறுத்துப்போன சட்டை ஒன்றை அவரிடம் கொடுத்து, காட்டோரத்தில் கிடக்கும் அவளுடைய அக்காளுக்குப் பக்கத்தில் புதைக்கச் சொன்னேன். ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. "ஆருக்கும் தெரியாம போயிப் பாத்தேன் பாவாயி. அந்த எடத்தையும் சேத்து உழுது கடலை போட்டுட்டாங்க. எங்கன்னு தெரியல. சட்டை எங்கிட்டயேதான் இருக்குது. எடத்தை வெவரமா எழுது."

எழுதத் தெரியும் எனக்கு, மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். வார்த்தையில் சொன்னால் புரியாதென்று காகிதத்தில் காட்டை வரைய உட்கார்ந்தேன். கிணறு போட்டேன், பனைமரம் போட்டேன், மேற்கு வரப்பை இழுத்தேன். இழுத்து முடித்துப் பார்த்தால் வரப்புக்கு அப்பால் நான் போட்டிருந்தது கடலைக்காடு இல்லை. ரப்பர் மரங்கள், வரிசை வரிசையாக.