எரிக்க வேண்டாம் என்று சொன்னவர்கள்

டென்மார்க்கில் காலத்தைக் கிழமையின் இலக்கத்தால், வருடத்தின் எத்தனையாவது வாரம் என்று, சொல்வார்கள். விடுமுறை, வேலைமுறை, பல் வைத்தியரின் நேரம் எல்லாம் அப்படித்தான். அந்தச் செய்தி வந்தது ஏழாம் கிழமை, செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால விடுமுறை. பிராண்டேயில் எங்கள் தொழிற்சாலையில் பாதிப்பேர் லீவில் போயிருந்தார்கள். காற்றாலை இறக்கைகளுக்கு நாரிழைத் துணி விரிக்கும் மண்டபத்தில் என்னோடு ஒரே குழுவில் வேலை செய்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். கலியாணம் முடித்து இங்கே வந்தவர். என்னை அண்ணை என்பார். காலை இடைவேளையில் அவருடைய தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டவர் கையுறையைக் கழற்றாமலே நிலத்தில் இருந்துவிட்டார்.

ஊரில் இருந்த அவருடைய தம்பி பொலிஸ் காவலில் இறந்துவிட்டான்.

எனக்குத் தெரியவந்ததை வந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். சனிக்கிழமை காலை, ஒரு வீட்டில் நடந்த வாள்வெட்டும் கொள்ளையும் சம்பந்தமாக அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திங்கள் பின்னேரம் இறந்தான். கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்பது பொலிஸ் சொன்னது. இரண்டு மணிக்கட்டிலும் கயிற்றுத் தழும்பு இருந்தது என்பது மச்சான் முறையான ஒருவர் பிணவறையில் கண்டது. பொலிஸ் சொன்னதை நான் காணவில்லை. மச்சான் கண்டதையும் நான் காணவில்லை.

எங்கள் போர்மன் நல்ல மனிதர். உடனே வீட்டுக்குப் போகச் சொன்னார். போகும்போது, "பொலிஸில் முறைப்பாடு செய்தாயிற்றா?" என்று டேனிஷில் கேட்டார். அவருடைய நாட்டில் அது நியாயமான கேள்வி.

"ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ அண்ணை," என்றார் அந்தப் பெண். "இவருக்கு விளங்கப்படுத்த எனக்கு இப்ப ஏலாது."

அவரால் ஊருக்குப் போகவும் முடியவில்லை. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்து மறுமொழிக்குக் காத்திருந்தார். அதனால் அன்று பின்னேரம் செத்தவீடு பிராண்டேயில், அவருடைய வரவேற்பறையில் நடந்தது. படத்துக்கு முன்னால் விளக்கு. பெண்கள் உள்ளே. ஆண்கள் கார் நிறுத்தும் கூரையின் கீழே ஜாக்கெட்டோடு நின்றோம். பேச்சு வேறு எங்கும் போகவில்லை.

"பொடியன் அந்த வாள்வெட்டுக் குழுவோடை திரிஞ்சவனாம்."

"திரிஞ்சால்? அடிச்சே சாக்காட்டுறதோ?"

"உன்ரை அம்மான்ரை கழுத்திலை வாளை வைச்சிருந்தால் நீ உப்பிடிக் கேக்க மாட்டாய்."

இதைச் சொன்னவரின் தாயார் ஊரில் தனியாக இருந்தவர். முகத்தை மூடிக்கொண்டு வந்தவர்கள் கழுத்தில் வாளை வைத்துத் தாலிக்கொடியைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் சொந்த வீட்டில் படுத்ததில்லை. ஆகவே அங்கே நின்ற யாரும் அவரை மறித்துப் பேசவில்லை.

"மனித உரிமைக்காரர் எங்கடை அம்மாவிட்டை ஒரு நாளும் வரயில்லை," என்று அவர் தொடர்ந்தார். "கள்ளனுக்கு அடி விழுந்தால்தான் அவைக்குக் கண் தெரியும்."

"உன்ரை அம்மா அவையைக் கூப்பிட்டவவோ?"

"கூப்பிட்டால் என்ன, வாளைப் பறிச்சுத் தருவினமோ? ஒரு அறிக்கை விடுவினம். அதுவும் இங்கிலீசிலை."

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு எங்கே நிற்கிறோம் என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பெண் கதவடியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"அவன் நல்லவன் எண்டு நான் சொல்லயில்லை," என்றார். "மோட்டச்சைக்கிள் ஓடிக் குடுத்திருப்பான். உங்கடை அம்மா வீட்டுக்கும் வந்தானோ, எனக்குத் தெரியாது. கோட்டிலை நீதவானுக்கு முன்னாலை நிப்பாட்டியிருந்தால் தெரிஞ்சிருக்கும். இப்ப ஆரைக் கேக்கிறது?"

தன் தாயின் கதையைச் சொன்னவர் நிலத்தைப் பார்த்தார். "மன்னிக்கவேணும் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள், புதன் காலை, யாழ்ப்பாணத்தில் ஒரு மனித உரிமை அமைப்பிலிருந்து பெண் சட்டத்தரணி ஒருவர் இறந்தவனின் தாயைப் பார்க்கப் போனார். அமைப்பு என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு கடைக்கு மேலே வாடகை அறை, இரண்டு சட்டத்தரணிகள், ஒரு மோட்டார் சைக்கிள். அந்தச் சட்டத்தரணி தாயிடம் கேட்டது ஒன்றுதான். உடலைத் தந்ததும் எரிக்க வேண்டாம், புதையுங்கள். முதல் பிரேத பரிசோதனை போதாது என்று நீதிமன்றம் நினைத்தால் மறுபடி தோண்டிப் பார்க்கலாம். எரித்தால் சாம்பலிடம் எதையும் கேட்க முடியாது.

தென்னமெரிக்காவில் எலும்புகளைத் தோண்டியெடுத்து வழக்கு நடத்தியவர்களைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போது அந்த எலும்புகளுக்குச் சமயம் இருந்ததை நினைத்ததில்லை. நான் கத்தோலிக்கன், ஊர்ப் பேச்சில் வேதக்காரன்; எங்கள் ஆட்களைப் புதைப்பதே வழக்கம். அவர்கள் சைவர்கள். அவர்களிடம் குழந்தையைத்தான் புதைப்பார்கள். வளர்ந்த பிள்ளைக்குக் கொள்ளி வைக்காமல் விட்டால் அவன் போக வேண்டிய இடத்துக்குப் போகமாட்டான் என்று அந்தத் தாய் நம்பினார். "பெரியத்தான் சொன்னால் சரி" என்று சட்டத்தரணிக்கு மறுமொழி சொன்னார்.

பெரியத்தான் என்பவர் தாயின் புருசனுடைய தமையன். தகப்பன் இறந்த பிறகு அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லுத்தான் சொல். அவர் இருந்தது விபோர்க்கில். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் யாழ்ப்பாணத்து வீடு டென்மார்க்கைப் பார்த்துக் காத்திருப்பது எங்கள் சனத்துக்குப் பழகிப்போன ஒன்று.

சிக்கல் என்னவென்றால், அவர் செவ்வாய் இரவே இணையத்தில் மரண அறிவித்தல் போட்டுவிட்டார். ஜூட்லாந்தில் தமிழர் யார் செத்தாலும் அறிவித்தலை எழுதிக் கொடுப்பவர் அவர்தான். பழக்கத்தில் கை எழுதிவிட்டது: வெள்ளிக்கிழமை ஈமக்கிரியை, பின்னர் இந்து மயானத்தில் தகனம். நேரடி ஒளிபரப்பு இணைப்பும் கீழே இருந்தது.

அன்று வேலை முடிந்ததும் அந்தப் பெண்ணையும் அவருடைய சின்ன மகளையும் ஏற்றிக்கொண்டு இகாஸ்ட் ஊடாக விபோர்க்குக் காரை விட்டேன். வயல்களில் அழுக்குப் பனி கிடந்தது. ஊரில் நான்கரை மணித்தியாலம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. உடல் மறுநாள் காலை வீட்டுக்கு வந்துவிடும். சின்னவள் பின் இருக்கையிலிருந்து டேனிஷில் கேட்டாள், மாமாவை அடித்தவர்களை யார் பிடிப்பார்கள் என்று. அந்தப் பெண் தமிழில், "வாயை மூடிக்கொண்டு வா," என்றார்.

தாய்க்குப் பெரியத்தான், அந்தப் பெண்ணுக்குப் பெரியப்பா. பெரியப்பா கதவைத் திறந்ததும் எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டார். முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ டேனிஷ்காரரின் கண்களை மூடிவிட்டவர்.

"நாங்கள் புதைக்கிற ஆக்கள் இல்லை, பிள்ளை."

"தெரியும் பெரியப்பா."

"அறிவித்தலும் போட்டாச்சு. கோல்டிங்கிலை இருந்து லண்டன் வரைக்கும் பாத்திட்டினம். இப்ப மாத்தினால் ஏன் எண்டு கேப்பினம்."

"கேக்கட்டும்."

"என்னத்தைச் சொல்லுறது?"

"அடிச்சே சாக்காட்டிப் போட்டாங்கள் எண்டு சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் வேதக்காரர். உங்களுக்கு இது சின்ன விசயம்."

"சின்ன விசயம் இல்லை ஐயா," என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை.

அந்தப் பெண் சட்டத்தரணியை அழைத்து, தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். பெரியப்பா சுற்றி வளைக்கவில்லை.

"உங்களுக்கு இதிலை என்ன வருகுது, பிள்ளை?"

மறுபக்கத்தில் மிகவும் களைத்த குரல். "ஐயா, திங்கக்கிழமை எனக்கு இதே மாதிரி இன்னொரு வழக்கு. அந்தப் பிள்ளையை எரிச்சுப்போட்டினம். விழுந்து செத்தது எண்டு எழுதின அறிக்கையை வைச்சுக்கொண்டு நிக்கிறன். திருப்பிக் கேக்க என்னட்டை ஒண்டும் இல்லை."

"புதைச்சால் எப்ப எடுத்து எரிக்கலாம்?"

"தெரியாது ஐயா."

"ஒரு வருசம்? ரண்டு?"

"தெரியாததை நான் சொல்லமாட்டன். சொன்னால் நீங்கள் ஓம் எண்டுவியள். பிறகு அந்த அம்மான்ரை முகத்திலை முழிக்கிறது நான்."

சட்டத்தரணி ஒரு தவணை சொல்லியிருந்தால் பெரியப்பா மறுத்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன். தெரியாது என்று சொன்னதுதான் அவரை அசைத்தது. எழுந்து யன்னலடியில் நின்றார். பிறகு ஊருக்கு அழைத்து, தம்பியின் மனைவியிடம், "புதையுங்கோ" என்று சொன்னார். மறுமுனையில் கேட்ட அழுகையை ஒலிபெருக்கியில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். அவர் அதை நிறுத்தவில்லை. முடிந்த பிறகு கணினியைத் திறந்து, தகனம் என்ற சொல்லை எடுத்துவிட்டு நல்லடக்கம் என்று போட்டார். பிராண்டேக்கு நாங்கள் திரும்புவதற்குள் மூன்று நாடுகளிலிருந்து அவருக்குத் தொலைபேசி வந்துவிட்டதாம். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "வேதத்துக்கு மாறிட்டியளோ?"

வெள்ளிக்கிழமை ஒளிபரப்பை அந்தப் பெண்ணின் வீட்டில் பார்த்தோம். மயானத்தின் ஓரத்தில், குழந்தைகளைப் புதைக்கிற பக்கத்தில், வளர்ந்த ஒருவனின் அளவுக்குக் குழி வெட்டியிருந்தார்கள். ஊர் வழக்கப்படி பெண்கள் மயானத்துக்குப் போகவில்லை. தாய் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிட்டார். தன் பிள்ளை கிடக்கும் இடத்தை அவர் பார்க்கவேயில்லை.

இருபத்தோராம் கிழமை, மே மாதம், நீதவானின் உத்தரவில் தோண்டினார்கள். அங்கே நின்ற ஒரே பெண், சட்டத்தரணிதான். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றார் என்று மச்சான் சொன்னார். விலா எலும்புகள் முறிந்திருந்தன. ஒரு விழுகையில் முறியக்கூடிய விதமாக அல்ல என்று இரண்டாவது அறிக்கை சொன்னது. பகுப்பாய்வுக்கென்று சிலவற்றை எடுத்தபின் மீதியை அதே குழியில் வைத்து மூடினார்கள். வழக்கு முடியும்வரை உடல் அங்கேயே இருக்க வேண்டும் என்றது உத்தரவு. பிறகு வழக்கு தவணை தவணையாகப் போனது. சம்பந்தப்பட்ட இரண்டு பொலிஸ்காரர்களைக் கைது செய்யவில்லை. வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள்.

இதைக் கேள்விப்பட்டதும், அன்று தன் தாயின் கழுத்தில் வாள் வைத்த கதையைச் சொன்னவர் என்னிடம் சொன்னார்: "இடமாற்றமோ? அங்கத்தைச் சனத்துக்கும் கொஞ்சம் அடிக்கட்டாம் எண்டு அனுப்பியிருக்கினம்." இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

ஊரில் தாய்க்கு அந்த மாதங்கள் எப்படிப் போயின என்பதை என்னோடு வேலை செய்யும் அந்தப் பெண் சொல்லித்தான் அறிவேன். எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் கிரியை செய்தார்கள். ஆனால் கடலில் கரைக்க அஸ்தி இல்லை. மழை பெய்தால் தாய் நித்திரை கொள்ளமாட்டார். சட்டத்தரணி வரும் ஒவ்வொரு முறையும், "எப்ப தருவினம் பிள்ளை?" என்று கேட்பார். சட்டத்தரணி ஒவ்வொரு முறையும் தெரியாது என்றே சொன்னார். ஆனாலும் வராமல் இருக்கவில்லை.

நாற்பத்திரண்டாம் கிழமை. இங்கே இலையுதிர்கால விடுமுறை. ஒரு பொலிஸ் அதிகாரி சீருடை இல்லாமல், ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, தாயின் வீட்டுக்கு வந்தார். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "அம்மா, பிள்ளையை மண்ணுக்குள்ளை விட்டு வைச்சிருக்கிறது பாவம். எரிக்க வேணுமெண்டு நீங்களே கோட்டுக்கு ஒரு விண்ணப்பம் குடுங்கோ. நாங்கள் மறுக்கமாட்டம். ஐயர், விறகு எல்லாம் நாங்களே பாக்கிறம்" என்றார். வியாழக்கிழமை கையெழுத்துக்குத் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு காலமும் அந்தத் தாய் விரும்பியது எது என்பதை யாரோ அவர்களுக்குச் சரியாகச் சொல்லியிருந்தார்கள்.

பிராண்டேயில் அந்தப் பெண் இதைக் கேட்டதும் சட்டத்தரணியை அழைத்தார். இரண்டாவது அறிக்கையை எதிர்த்தரப்பு மறுக்கப்போகிறது, இன்னொரு முறை உடலைப் பார்க்க வேண்டி வரலாம் என்றார் அவர். எரித்தால் வழக்கு அநேகமாக அத்தோடு முடிந்துவிடும். "ஆனால் குடுக்க வேண்டாம் எண்டு நான் அம்மாவைக் கட்டாயப்படுத்த மாட்டன். அவவின்ரை பிள்ளை."

அடுத்தது விபோர்க். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு நான் ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது. பெத்தது அவ" என்றார். அந்தக் குடும்பத்தில் அவர் முடிவு சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் அந்தப் பெண் தாயை அழைத்தார். சாப்பாட்டு அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்; தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்திருந்தார். சாப்பாட்டுப் பெட்டி திறந்தபடி கிடந்தது.

"அம்மா, அந்தாள் திரும்ப வந்தவரோ?"

"ஓம். காலமை வந்தவன்."

"கையெழுத்து வைச்சனீங்களோ?"

"கதிரை போட்டு இருத்தினனான். அவன் சொன்னதெல்லாத்தையும் சொல்ல விட்டனான்." தாயின் குரலில் அழுகை இல்லை. "நல்ல பண்பாத்தான் கதைச்சவன். நான் அவன்ரை கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நல்ல பெரிய கை."

"அம்மா, வைச்சனீங்களோ?"

"இல்லை."

மகள் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கிடக்கட்டும்," என்றார் தாய். "கோட்டிலை எடுக்கச் சொல்லுற வரைக்கும் அவன் அங்கை கிடக்கட்டும்."

வேலை தொடங்கும் மணி அடித்தது. மகள் தொலைபேசியை அணைத்தார். சாப்பிடாத பெட்டியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னாலேயே மண்டபத்துக்குப் போனார். வழக்கின் அடுத்த தவணை நாற்பத்தெட்டாம் கிழமை.