விட்டுப்போன வரி

மகளின் பள்ளியிலிருந்து மாதச் செய்தி என் கைப்பேசிக்கு வந்திருந்தது. என் கையெல்லாம் தோசை மாவு. அவளையே படிக்கச் சொன்னேன். மரம் நட்டது, கோலப்போட்டி என்று வாசித்து வந்தவளின் கட்டைவிரல் ஓரிடத்தில் விருட்டென்று தள்ளிப்போனது.

அந்த விரலை எனக்குத் தெரியும்.

மானகிரியில் நான் மூன்றாவது படித்தபோது மாதச் செய்தி ஒற்றைத் தாளில் வரும். மை வாடை அடிக்கும். தொட்டால் விரலில் நீலம் ஒட்டும். ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. கையில் காய்ந்த சிமெண்டைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, நான் விரல் வைத்துப் படிக்கப் படிக்கத் தாளையே பார்ப்பார். ஒருமுறை, ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்காதவர்களில் என் பெயரும் இருந்தது. அதைத் தாண்டி விளையாட்டு விழாவுக்குப் போய்விட்டேன்.

“ஏன் ஆத்தா, நடுவுல ரெண்டு வரிய விட்டுட்டியே” என்றார் அப்பா. பூப்போட்ட தரைக்கல்லில் ஒரு கோடு விலகினாலும் பிடித்துவிடுகிற கண். “அதையும் படி, கேப்போம்.”

படித்தேன். திட்டவில்லை. இரண்டு நாள் என்னை உருப்போட வைத்தார். மூன்றாம் நாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தார். “எம்பிள்ள சொல்லும், கேளுங்க டீச்சர்” என்றார். சொன்னேன்.

“நடுவுல விட்டதையும் படி, கேப்போம்” என்றேன் மகளிடம்.

திருதிருவென்று விழித்தாள். பிறகு மெதுவாகப் படித்தாள். “வகுத்தல் கணக்கில் தடுமாறும் பிள்ளைகளின் பெற்றோர் வெள்ளிக்கிழமை வரவும்.”

“வெள்ளிக்கிழமை நான் லீவு” என்றேன். “சிலேட்டை எடுத்துட்டு வா.”