ஒன்றாகத் தெரிந்த இரண்டு விளக்குகள்

விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் ஒரு லைட் கட்டிக்கொள்வார்கள். பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் முன் நின்று எங்கள் ஆய்வுகூடச் செய்முறை விளக்குநர் அந்த லைட்டிலிருந்துதான் பேசத் தொடங்கினார். எஹலியகொடப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்; பௌதிகவியல் துறையில் தற்காலிக வேலை. ஆய்வு மாணவியாகப் பதிவு கிடைத்தால்தான் அந்த வேலையும் நீடிக்கும். நான் குழுவின் செயலாளர். தேநீருக்கு முன் இந்தக் கோப்பு வேலையை முடிக்க வேண்டும் என்பதைத் தவிர அங்கிருந்த அறிஞர்களுக்கு வேறு கவலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

“எங்க அம்மாவும் சின்னம்மாவும் எதிர்மலையில பக்கத்துப் பக்கத்து மரத்துல வெட்டுவாங்க சார். எங்க லயத்து வீட்டுல இருந்து பாத்தா ரெண்டு லைட்டும் ஒன்னாத்தான் தெரியும். அதுக்காகக் கங்காணி சம்பளக் கணக்குல ஒரு பேர்தான் போடுவாரா?”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் விளக்கினார். ஒளி துணிக்கை துணிக்கையாக வருகிறது. ஒவ்வொன்றும் எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தனி விளக்கு என்றால், துணிக்கைகள் சேரச் சேர அதன் இடம் துல்லியமாகும். இரண்டு விளக்குகள் மிக நெருங்கிவிட்டால், சாதாரணப் படத்தில் அவற்றின் இடைவெளி கரைந்துபோகும். ஆனால் அது ஒளியில் இல்லாமல் போவதில்லை; படம் பிடிக்கும் விதத்தில்தான் தொலைகிறது. பதிவதற்கு முன் ஒளியை அதன் அலை வடிவங்களாகப் பிரித்துப் பார்த்தால் இடைவெளியை மீட்கலாம். இயற்கை போட்ட குவாண்டம் எல்லை, வில்லைக்குப் புத்தகம் போட்ட எல்லைக்கு வெகு அப்பால் இருக்கிறது. இதுதான் அவருடைய முன்மொழிவு.

“உது புத்தகத்திலை எப்பவோ முடிஞ்ச கதை, பிள்ளை,” என்றார் தலைவரான பேராசிரியர்.

விண்ணப்பதாரியின் தகைமையைப் பார்ப்பது மட்டுமே குழுவின் வேலை. ஆய்வின் தரத்தைச் சொல்ல வேண்டியவர்கள் வெளி மதிப்பீட்டாளர்கள். அந்த விதியை எழுதியவர்களில் தலைவரும் ஒருவர். நினைவூட்டினேன். “செயலாளர் ஐயா இப்ப பௌதிகமும் படிப்பிக்கிறார்,” என்றார் தலைவர். மறுபடியும் சிரிப்பு. விண்ணப்பம் யாருக்கும் அனுப்பப்படாமல் நிராகரிக்கப்பட்டது. வேலையும் போயிற்று.

பின்னர் வெளிநாட்டவர்கள் அதே கருத்தைக் கணக்கிட்டும் சோதித்தும் காட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தால் உண்மைக்கு இங்கே மதிப்பீட்டாளர் தேவையில்லை. சென்ற மாதம் இரத்தினபுரியில் அதே பேராசிரியர் அதைப் பற்றியே சிறப்புரை ஆற்றினார். திரையில் இரண்டு புள்ளிகளைக் காட்டி, “இதை ஆர் நினைச்சிருப்பினம்?” என்று வியந்தார்.

சபையில் இருந்த நான் எழுந்து நின்றேன். “நினைத்தவர் ஓப்பநாயக்கவில் ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறார். நீங்கள்தான் அனுப்பி வைத்தீர்கள்.”

“கேள்வி இருந்தால் கேளுங்கோ.”

“விண்ணப்பத்தை ஏன் மதிப்பீட்டுக்கு அனுப்பவில்லை?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர் இடைவேளை அறிவிக்கப்பட்டது.

வாசலில் நின்றபடியே விளக்குநருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். மேன்முறையீடு செய்யலாம் என்றேன். காலம் கடந்துவிட்டது என்று சொல்வார்கள், அதற்கும் விதிவிலக்கு உண்டு, நானே எழுதித் தருகிறேன் என்றேன். மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல்.

“திரும்ப அவங்க முன்னாடியே போய் நிக்கணுமா சார்?”

விதிப்படி ஆம்.

“விடுங்க சார். டீயாவது குடிச்சீங்களா?”

“இல்லை.”

“குடிச்சிருக்கணும் சார். அதுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்தது எங்க ஆளுங்கதாங்கிறதையாவது அவங்களே ஒத்துக்குவாங்க.”