பாட்டு முடியும் இடத்தில் ஒரு பூ

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஞானம்மா அக்கா போனில் அழைத்தார். நம் சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுகிற அதே அக்காதான். "டீச்சர், நம்ம பாட்டுப் பொஸ்தவத்துல பூ போட்டுக் குடுத்தாவள்லா ஒரு அண்ணாச்சி, அவிய போயிட்டாவளாம். நெஞ்சுவலியாம்."

அக்காவுக்கு அவர் பெயர் தெரியவில்லை. பெயர் மாரிமுத்து. கோவில்பட்டியில் சின்னக் கடையில் தீப்பெட்டி லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் கம்ப்யூட்டரில் வடிவமைத்துத் தந்தவர். நம் சபைக்காரர் அல்லர். ஆனாலும் ஞாயிறுதோறும் நாம் விரிக்கிற புத்தகம் அவர் கை பட்டது. அவரை அறிந்த சிலருக்கும் அறியாத பலருக்குமாக இதை எழுதுகிறேன்.

பாட்டுப் புத்தகத்தை மறுபடி அச்சிடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது கையில் இருந்தது ஒரே ஒரு சிடி. முதல் பதிப்பைக் கம்ப்யூட்டரில் கோத்தவர் காலமாகியிருந்தார். அவர் அடித்து வைத்த மூலம் கிடைக்கவில்லை. அந்தக்கால அச்சுக்கோப்பு மென்பொருள் கடைசியாக வெளியிட்ட கோப்பு மட்டும் இருந்தது. இன்றைய கம்ப்யூட்டர் எதிலும் அது திறக்கவில்லை. ஏறிய கடைகளிலெல்லாம், "பூராத்தையும் புதுசா அடிச்சிருவோம்" என்றார்கள். மாரிமுத்து அண்ணாச்சி மட்டும், "பழசு மாதிரியே ஏன் கேக்கிய?" என்று விசாரித்தார்.

சொன்னேன். நம் சபையில் பாட்டைப் பக்க எண் சொல்லித்தான் அறிவிப்பது வழக்கம். தீப்பெட்டி ஆலைக்குப் போகும் அக்காமார் பலருக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. பாட்டு மனப்பாடம். எந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பதும் மனப்பாடம். வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே பாடுவார்கள். வரி இடம் மாறினால் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிடுவார்கள்.

அவர் சிடியை வாங்கி மேசையில் வைத்தார். "அப்போ ஒரு வரிகூட நகரப்படாது" என்றார்.

கோப்பைத் திறக்க ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கங்கள் வெறுமையாக வந்தன. "இதுல எழுத்து இல்ல டீச்சர். எந்த எழுத்து எங்கன நிக்கணும்னு உத்தரவு மட்டும் இருக்கு. எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரோட போயிட்டு." வேறோர் எழுத்துருவைப் பொருத்திக் காட்டினார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. "காலேல புதூர் பஸ்ஸு மாதிரி இருக்கு பாருங்க."

முதல் பதிப்பைக் கோத்த அந்தக் கம்ப்யூட்டர் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கடைக்கு விலைபோயிருந்தது. சட்டைகளுக்கு அளவுச் சீட்டு அடிக்க இன்னும் அதைத்தான் வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை இருவரும் போனோம். முதலாளிக்குப் பயம்.

"அதுல கைய வைக்காதிய. நின்னுபோச்சுன்னா எங்க பொழப்பும் நின்னுபோவும்."

"காப்பிதான் எடுக்கேன் மொதலாளி."

"எடுத்தா இங்கன கொறையாதுல்லா?"

"கொறஞ்சா நான் இங்கயே ஒக்காந்து பட்டன் தைக்கேன். போதுமா?"

பென்டிரைவ் செருக வழியில்லாத அந்தக் கம்ப்யூட்டருக்கென்று பழைய ஃப்ளாப்பிகளைப் பையில் கொண்டுவந்திருந்தார். எழுத்துரு கிடைத்தது. அடுத்த வாரம் பக்கங்கள் பிடிஎஃப்பாக வந்தன. பழைய தாளைப் புதிய தாளின்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். வரிமேல் வரி உட்கார்ந்திருந்தது.

ஒன்று மட்டும் குறைந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு பாட்டு வந்தால் நடுவில் ஒரு சின்னப் பூ இருக்கும். அது வேறோர் எழுத்துருவில் இருந்திருக்கிறது, புதியம்புத்தூரில் கிடைக்கவில்லை. "பூ வரல டீச்சர். என்ன செய்ய?" என்றார். "அலங்காரம்தானே, விடுங்க" என்றேன்.

அச்சுக்குப் போகுமுன் பத்துப் பிரதி தைத்து எடுத்துக்கொண்டு ஞாயிறு ஆராதனைக்கு அவரே வந்தார். முதல் வரிசைக்கு நேர் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கையப் பாருங்க" என்று மெல்லச் சொன்னார். நாற்பத்தேழாம் பக்கத்தின் முதல் பாட்டு முடியும் இடத்தில் ஞானம்மா அக்காவின் விரல் நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் இறங்கியது. தயங்கியது. பிறகு அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அக்கா கேட்டார். "இதுல பூ இருக்குமே. அது எங்க?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "பூவுதானேன்னு நான் விட்டுட்டேன் தாயி. தப்பு எம்மேலதான். போட்டுத் தாரேன்."

"பொஸ்தவம் போடுத ஆளு, பூவ மறப்பியளா?" என்று அக்கா நொடித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

பழைய புத்தகத்தைப் பார்த்து, லேபிள் வரைந்து பழகிய கையால் அந்தப் பூவை வரைந்தார். கோப்பில் பூவுக்கான உத்தரவுகள் அழியாமல் இருந்ததால், ஒரு பூ வரைந்ததும் அது எல்லாப் பக்கங்களிலும் தானாகப் போய் அமர்ந்தது. வாசலில் எல்லார் முன்னும் வாங்கிய அந்தப் பேச்சைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. நானும் அக்காவிடம் உண்மையைச் சொல்லவில்லை.

போன ஞாயிறு சொன்னேன். "பூவை விடச் சொன்னது நான்தான் அக்கா." "அவிய மொகத்தப் பாத்தே தெரியும் டீச்சர். பூவ மறக்குத ஆளா அவிய?" என்றார் அக்கா.

பழைய கோப்பு, எழுத்துரு, பிடிஎஃப் மூன்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு, உறைமேல் 'மூன்றையும் பிரிக்க வேண்டாம்' என்று எழுதித் தந்திருந்தார். அது என் மேசையில் இருக்கிறது. அவர் தந்த இன்னொன்றையும் வைத்துக்கொண்டேன். வகுப்பில் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புகிற வழக்கம் போய்விட்டது. நின்று, பிள்ளைகளின் கைகளைப் பார்க்கிறேன். எந்த வரியில் ஒரு விரல் தயங்குகிறதோ, அங்கே என் தவறு ஏதேனும் இருக்கிறதா என்று தேடுகிறேன்.